எடுக்காதே 9

தெரியாத எண் இரண்டு முறை அடித்தது.
நான் எடுக்கவில்லை. பழக்கம்.
போனில் இன்னும் இருக்கிறார்கள் அவர்கள்:
எடுக்காதே 1, எடுக்காதே 2,
எடுக்காதே 9 இருமல்காரர் சாவந்த்,
அப்படியே பதினான்கு வரை.
ஆறு வருஷத்தில் நான் சேமித்தது
முதலில் இந்தப் பெயர்களைத்தான்.

மூன்றாம் முறை வாசல் மணியே அடித்தது.
கூரியர் பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமல்
என் பெயரை நாலாக உடைத்துப் படித்தான்.
ஆதார் கேட்டான், ஓடிபி கேட்டான்,
ஆண்டாப் ஹில்லில் எந்தக் கட்டடத்துக்கும் லிஃப்ட் கிடையாதா
என்றும் கேட்டான்.
தண்ணீர் கொடுத்தேன். போய்விட்டான்.
கவர் ராத்திரி வரை
அடுப்புக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது.

யாருக்கும் நோயில்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை.
கதை கேட்பவர்கள் ஓர் ஆஸ்பத்திரியை எதிர்பார்க்கிறார்கள்;
என்னிடம் இருந்தது ஓர் எல் வடிவ சோபா,
தவணையில் ஒரு போன், கோவாவில் மூன்று நாள்,
ஆபீசில் எல்லோருக்கும் நானே பில் கொடுத்த
ஒரு சனிக்கிழமை.
மீதியெல்லாம் வட்டி.
குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருந்தார்கள்.
அதை மட்டும் கட்டிவந்தேன்,
குறைந்தபட்ச மனுஷியாக.
விற்ற அன்று சோபா மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு
போகமாட்டேன் என்றது.

நான் கணக்கு எழுதுகிறவள்.
ஃபோர்ட்டில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியின் கோடிகள்
என் விரலில் பைசா பிசகாமல் நேராகும்.
சாவந்த் ஒருநாள் அங்கேயே வந்தார். ரிசப்ஷனில் நின்று
நல்ல ஹிந்தியில், மரியாதையாக,
தொகையை மட்டும் சத்தமாகச் சொன்னார்.
இருமினார்.
மறுநாளிலிருந்து டப்பாவை
ஸ்டேஷனரி அறையில் திறந்தேன்.

பாதி கொடுத்து முடித்துக்கொள் என்றார்கள். முடித்தேன்.
ஒருத்தி செட்டில் ஆகிவிட்டாள் என்றால் நம் ஜனங்களுக்கு
வீடு, வேலை, பிள்ளைகள்.
சிபில் தாளில் செட்டில்டு என்றால்
பாதியில் நழுவியவள்.
அந்த ஒரு சொல்லை மாற்ற
குர்லாவில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு
மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஜிஎஸ்டி எழுதினேன்.
குளோஸ்டு என்று வந்த சாயங்காலம்
சொல்வதற்கு ஆள் தேடி
எடுக்காதே 9-ஐ அழைத்தேன்.
இந்த எண் உபயோகத்தில் இல்லை
என்று ஒரு பெண் இரண்டு மொழியில் சொன்னாள்.

இந்தக் கார்டும் சும்மா வந்துவிடவில்லை.
இருபதாயிரத்தை டெபாசிட்டில் பூட்டி
சாவியை அவர்களிடம் கொடுத்த பிறகு
பதினெட்டாயிரம் வரை என்னை நம்புகிறார்கள்.

பிரித்தேன். பெயருக்கு இடம் போதவில்லை.
மங்கையர்க்கரசி தெய்வசிகா, அத்தோடு சரி.
அப்பாவின் மணி மட்டும் அச்சேறவில்லை.
சிரிப்பு வந்தது, தனியாக, சத்தமாக,
பக்கத்து வீட்டில் டிவியைக் குறைக்கும் அளவுக்கு.

காலையில் ஜிடிபி நகர் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடை.
ஒரு பற்பசை, நூற்றுப் பத்து ரூபாய்.
மெஷின் யோசித்தது.
பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார்.
என் கை தானாகப் பைக்குள் இறங்கி
சில்லறை துழாவிக்கொண்டிருந்தது.
கிர்ரென்று சீட்டு வந்தது.
கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.
அடுத்து யார் என்றார்.

பில் வர இருபத்திரண்டு நாள் இருந்தது.
ரே ரோடு தாண்டுவதற்குள் கட்டிவிட்டேன்.
பிறகு, போன் கையில்தானே இருக்கிறது என்று,
ஒவ்வொருவராக அழிக்க ஆரம்பித்தேன்.
மஸ்ஜித் வரும்போது
ஒன்பதில் விரல் நின்றது.
அழிக்கவா என்று திரை கேட்டது.
கடைசி ஸ்டேஷன்,
எல்லோரும் எழுந்துவிட்டார்கள்,
நானும் இறங்கினேன்.